ஸ்லோ குக்கரில் மாட்டிறைச்சி நூடில்ஸ் சூப்

மெல்லிய சூட்டில் பல மணித்தியாலம் சமைக்கும் மின்பானையான ஸ்லோ குக்கரில் விட்ட நீர் வற்றாது. இந்தச் சமையலில் புதிதாக இறங்குபவர் முதலில் மனதில் இருத்த வேண்டியது இதுதான். யாழ்ப்பாணத்துச் சமையலில் கைபழகியவர்கள் நீரை அளந்து விடுவது அரிது. இறைச்சிக் கறியாயினும் குழம்பாயினும் கண்ணளவாக நீர் விட்டு, அடுப்பில் வைத்து, வற்றிவரும் பதம் பார்த்து இறக்குவதே நமது வழக்கம். ஸ்லோ குக்கரில் எழும் ஆவியோ மூடியில் பட்டு நீராகி மீண்டும் உள்ளேயே சொட்டிக்கொண்டிருப்பதால், காலையில் விட்ட நீர் மாலையிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இறைச்சியும் தக்காளியும் விடுகிற சாறு சேர்ந்து சிலவேளை அளவு கூடியும் இருக்கும். ஆகவே அடுப்பில் வற்றும்போது தானாகக் கிடைக்கிற நிறமும் மணமும் செறிவும் இங்கே தாமாக வந்து சேரமாட்டா. அவற்றை மூடி வைப்பதற்கு முன்னரே நம் கையால் செய்து முடித்திருக்க வேண்டும். "ஸ்லோ குக்கரில் வைத்தது அவித்த இறைச்சி போலச் சப்பென்று இருக்கிறது" என்று கூறுபவர்களிற் பெரும்பாலோர் எல்லாவற்றையும் பச்சையாக உள்ளே போட்டு ஆளியைத் தட்டிவிட்டவர்களே.

இங்கே நான் எடுத்துக்கொள்வது தைவான் முறையிலான சூப். சோயா சோஸ், மிளகாய் விழுது, இஞ்சி, அன்னாசிப்பூ ஆகியவை சேர்ந்து செம்பழுப்பாக இருக்கும் அந்தச் சூப், சீன உள்நாட்டுப் போரின் முடிவில் 1949ஆம் ஆண்டையொட்டித் தைவானுக்குப் பெயர்ந்து வந்த படையினரின் குடியிருப்புகளில் உருப்பெற்றதாகச் சொல்லப்படுகிறது. அதற்கு முன்னர் தைவானின் உழவர் குடும்பங்கள் பல, ஏர் இழுத்த மாட்டுக்குச் செய்யும் நன்றியாக மாட்டிறைச்சியைத் தொடாமலே வாழ்ந்தன. பட்டிப்பொங்கல் கொண்டாடும் நமக்கு அந்த உணர்வை எவரும் விளக்கத் தேவையில்லை. மாட்டிறைச்சி சமைக்காத வீடுகளில் இதே முறையை ஆட்டிறைச்சிக்குக் கைக்கொள்ளலாம். எலும்போடு கூடிய கால் பகுதியை எடுத்து, கீழே சொல்லப்படும் வேகும் நேரத்தில் இரண்டு மணித்தியாலத்தைக் குறைத்தால் போதும். சுவை வேறாக இருக்கும், குறைவாக இராது.

பாத்திரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்து வீடுகளில் இருக்கிற ஸ்லோ குக்கர்களிற் பல, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்கள் கொண்டுவந்து கொடுத்தவை. இங்கிலாந்திலிருந்து வந்ததாயின் கவலையில்லை. அங்கும் இங்கும் மின்னழுத்தம் 230 வோல்ற்தான். கனடாவிலிருந்து வந்ததாயின் அது 120 வோல்ற்றுக்காகச் செய்யப்பட்டது. அதை நமது சுவரிற் செருகினால் மின்னழுத்தம் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் கூடும், ஆனால் சூடாக்கும் கம்பி இழுக்கும் சக்தி அதன் வர்க்கத்திற்கு ஏற்ப ஏறுவதால் மூன்றரை மடங்கையும் தாண்டிவிடும். 200 வாட்ஸுக்கு அமைந்த கம்பி 700 வாட்ஸுக்கு மேல் எரியும். என் அக்கா ரொறன்ரோவிலிருந்து சுமந்து வந்த குக்கரை நாங்கள் இப்படித்தான் இழந்தோம். அரை மணித்தியாலத்துக்குள் கருகல் மணம் எழுந்தது. மூடியைத் திறந்தபோது வெள்ளைப் பீங்கானின் அடியில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடியிருந்தது. செருகியின் துளையளவை மாற்றித் தரும் சிறிய இணைப்பான் மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. அதற்கென்று தனியாக மின்மாற்றி வேண்டும், அதன் வலு குக்கரின் வலுவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். குக்கரின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் புரட்டிப் படித்த பின்னரே அதைச் செருகுங்கள்.

கீழே வரும் அளவுகள் நாலரை லீற்றர் கொள்ளும் குக்கருக்கானவை. ஐந்து அல்லது ஆறு பேர் வயிறாரச் சாப்பிடலாம். பாத்திரம் பாதிக்கு மேலும் முக்காலுக்குக் கீழும் நிறைந்திருக்க வேண்டும்.

இறைச்சி வாங்கும்போது நல்ல சதையைக் கேட்டு வாங்குவது வழக்கம். இந்தச் சூப்புக்கு அது தவறு. முழங்காலுக்குக் கீழே இருக்கும், வெள்ளை நரம்பும் சவ்வும் ஊடோடிய சதையையே கேளுங்கள். நாள்தோறும் நடந்து உழைத்த தசை அது. அரை மணித்தியாலத்தில் சமைத்தால் பல்லுக்கு அகப்படாது, எட்டு மணித்தியாலம் மெல்லிய சூட்டில் இருந்தால் அந்த நரம்பே கரைந்து சூப்புக்கு உடல் கொடுக்கும். சவ்வில் இருக்கும் கொலாஜன் என்னும் புரதம் எழுபது, எண்பது பாகை செல்சியசுக்கு மேல் நெடுநேரம் ஈரத்தில் இருக்கும்போது ஜெலற்றினாக மாறுகிறது. உதடு ஒட்டிக்கொள்வது போன்ற அந்தக் கொழுமை அதிலிருந்துதான் வருகிறது. கொழுப்பில்லாத தொடைச் சதையை இவ்வளவு நேரம் வைத்தால் நார்நாராகப் பிரிந்து பஞ்சுபோல் உலர்ந்துவிடும், நீருக்குள் கிடந்தாலும் உலர்ந்துதான் இருக்கும். ஒரு கிலோ கால் சதையும், அரைக் கிலோ மூளையுள்ள எலும்பும் போதும். எலும்பைக் கடையிலேயே துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள், வீட்டுக் கத்தியால் அது ஆகாது. போயா தினங்களில் இறைச்சிக்கடைகள் பூட்டியிருக்கும் என்பதால் நாட்காட்டியைப் பார்த்து முதல் நாளே வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். உறைந்த இறைச்சியை உறைந்தபடியே குக்கருக்குள் போடுவது மட்டும் கூடவே கூடாது. அதன் நடுப்பகுதி சூடேறுவதற்குள் கிருமிகள் பெருகும் இளஞ்சூட்டில் அது பல மணித்தியாலம் கிடந்துவிடும்.

மற்றவை: சின்ன வெங்காயம் 150 கிராம், உள்ளி எட்டுப் பல், பெருவிரலளவு நீளமான இஞ்சித் துண்டுகள் இரண்டு, நன்கு பழுத்த தக்காளி இரண்டு, செத்தல் மிளகாய் ஆறு, சோயா சோஸ் 80 மில்லிலீற்றர், வினாகிரி ஒரு மேசைக்கரண்டி, சிறு துண்டுப் பனங்கட்டி. வாசனைக்கு அன்னாசிப்பூ இரண்டு, சுண்டுவிரல் நீளக் கறுவா ஒன்று, கராம்பு இரண்டு, மிளகு ஒரு தேக்கரண்டி, பெருஞ்சீரகம் அரைத் தேக்கரண்டி. தைவானில் கற்கண்டு சேர்ப்பார்கள். அதன் இடத்தில் நான் பனங்கட்டியைப் போடுகிறேன், அதன் மெல்லிய கருகல் சுவை சோயா சோஸுடன் மிக நன்றாக இணைகிறது. அவரைப் பருப்பையும் மிளகாயையும் புளிக்கவைத்துச் செய்யும் சிச்சுவான் விழுது கிடைத்தால் செத்தல் மிளகாயை இரண்டாகக் குறைத்து, விழுதில் ஒன்றரை மேசைக்கரண்டி சேருங்கள். அது உப்பு மிகுந்தது, ஆகவே சோயா சோஸை 60 மில்லிலீற்றராகக் குறைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் செத்தல் மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து உள்ளியோடு அரைத்துக்கொள்ளலாம். புளித்த ஆழம் வராது. நிறமும் உறைப்பும் வரும்.

கராம்பு இரண்டுதானா என்று கேட்பீர்கள். வற்றாத பாத்திரத்திலிருந்து வாசனையும் வெளியேறுவதில்லை. அடுப்பில் திறந்து வைத்த கறியில் வீடு முழுவதும் பரவிப்போகிற மணம் இங்கே எட்டு மணித்தியாலமும் சூப்புக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. கறிக்குப் போடுகிற அளவு கராம்பைப் போட்டால் மருந்துக் கசாயம் குடிப்பது போலாகிவிடும். முழுச் சரக்குகளைத் தூளாக்காமல், வெறும் தாச்சியில் மணம் எழும்வரை வறுத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் முடிந்து போடுங்கள். முடிச்சை இறுதியில் எடுத்தெறிவதும் எளிது.

இனிக் கைவேலை. குக்கரை வெறுமையாக 'ஹை' என்னும் கூடிய சூட்டில் இருபது நிமிடம் சூடாக விடுங்கள். கொதிநீரைக் குளிர்ந்த பீங்கானில் ஊற்றினால் அது வெடிக்கக்கூடும். அதற்குள் எலும்பை ஒரு சட்டி நீரில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் சாம்பல் நிற நுரை பொங்கும். அந்த நீரைக் கொட்டி, எலும்பைத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். அடுப்பில் வைத்த சூப்பாக இருந்தால் நுரையை அகப்பையால் எடுத்துக்கொண்டே இருக்கலாம், இங்கே மூடியைத் திறக்கப்போவதில்லையாகையால் முன்னரே நீக்கிவிடுகிறோம்.

இறைச்சியை நாலைந்து சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, சுத்தமான துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். இந்த ஒற்றுதலைத் தவிர்க்க வேண்டாம். இறைச்சியின் வெளிப்புறம் சிவந்து மணப்பதற்கு ஏறக்குறைய 140 பாகை சூடு வேண்டும். ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 பாகையைத் தாண்டாது. தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி மரக்கறி எண்ணெய் விட்டுப் புகை எழும் வேளையில், துண்டுகள் ஒன்றையொன்று தொடாதபடி மூன்று தடவையாகப் பிரித்துப் போடுங்கள். தேங்காயெண்ணெயின் மணம் இந்தச் சூப்புக்குப் பொருந்துவதில்லை. போட்டவுடன் கிளறக் கூடாது. முதலில் இறைச்சி தாச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும். 'சொய்' என்ற ஓசை சற்றுத் தணிந்து, மூன்று நிமிடமளவில் தானாகவே பிடி விட்டு அசையும். அப்போது புரட்டினால் அடிப்பக்கம் கறுவாப் பட்டையின் நிறத்தில் இருக்கும். இழுத்தும் வரவில்லையென்றால் இன்னும் ஆகவில்லை. ஒரேயடியாக ஒரு கிலோவையும் கொட்டினால் சாறு விட்டு, இறைச்சி தன் நீரிலேயே அவிந்து நரைத்துப்போகும். நான் முதன்முறை செய்தபோது அப்படித்தான் ஆனது. அன்றைய சூப்பில் இறைச்சி மெத்தென்றிருந்தது, ஆனால் சாற்றில் ஒன்றுமில்லை.

இறைச்சியை எடுத்தபின் அதே எண்ணெயில் வெங்காயம், இஞ்சி, உள்ளி ஆகியவற்றை வதக்கி, மிளகாய் விழுதைச் சேர்த்து எண்ணெய் சிவக்கும்வரை இளந்தீயில் கிளறி, அதன்பின் தக்காளியைப் போட்டு, அது கரைந்து, நீர் வற்றி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்வரை பொறுங்கள். வற்ற வைக்க வேண்டியதை வற்ற வைப்பதற்கு இதுவே கடைசி இடம். பனங்கட்டியையும் சோயா சோஸையும் இதிலேயே ஊற்றி அரை நிமிடம் கொதிக்கவிட்டு, ஒன்றேமுக்கால் லீற்றர் கொதிநீரைச் சேர்த்து, தாச்சியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பையெல்லாம் அகப்பையால் சுரண்டிக் கரைத்துவிடுங்கள். சூப்பின் நிறம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நம் ஊர்க் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லைத் துளைத்து எடுக்கப்பட்டவை, நீரில் வன்மை அதிகம், சில இடங்களில் உவர்ப்பும் உண்டு. வற்றாத சூப்பில் நீரின் சுவையே பெரும்பங்கு என்பதால், குடிப்பதற்கு எந்த நீரை வைத்திருக்கிறீர்களோ அதையே பயன்படுத்துங்கள்.

எலும்பை அடியிலும், இறைச்சியை மேலேயும், துணி முடிச்சை நடுவிலுமாக வைத்து, கொதிக்கும் சாற்றை ஊற்றி மூடுங்கள். உப்புப் போட வேண்டாம். 'லோ' என்னும் குறைந்த சூட்டில் எட்டு முதல் ஒன்பது மணித்தியாலம், 'ஹை'யில் ஐந்து முதல் ஆறு. பெரும்பாலான குக்கர்களில் இரண்டும் இறுதியில் எட்டும் சூடு அதிகம் வேறுபடுவதில்லை, அந்தச் சூட்டை அடையும் வேகமே வேறு. ஆயினும் நரம்பு கரைவதற்கு 'லோ'வே சிறந்தது என்பது என் அனுபவம். முதிர்ந்த மாட்டின் இறைச்சியாயின் பத்து மணித்தியாலம்கூட ஆகலாம். இடையில் மூடியைத் திறந்தால் இழந்த சூட்டை மீட்க ஏறக்குறைய இருபது நிமிடம் பிடிக்கும், ஆகவே எட்டாவது மணித்தியாலம் வரை திறக்கவேண்டிய தேவையே இல்லை. விறகடுப்பில் சமைத்த காலத்தில் அம்மம்மா இரவுச் சமையல் முடிந்ததும் எரிகொள்ளியை இழுத்துவிட்டு, தணலின் மேல் சட்டியை வைத்து, விடியும்வரை அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார். 1940ஆம் ஆண்டில், ஸ்லோ குக்கரின் முன்னோடியான மின்சார அவரைப் பானைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இர்விங் நாக்சனும், லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்கு முன் பேக்கரி அடுப்பின் தணியும் சூட்டில் இரவெல்லாம் வைத்தெடுத்த உணவைப் பற்றித் தன் தாய் சொல்லக் கேட்டே அதைச் செய்தார் என்பார்கள். 1971ஆம் ஆண்டில் குரொக் பொட் என்ற பெயரில் அது பரவலாக விற்பனைக்கு வந்தது.

மின்சாரச் செலவு அஞ்சும் அளவுக்கு இல்லை. 200 வாட்ஸ் குக்கர் ஒன்பது மணித்தியாலம் முழு வலுவில் ஓடினாலும் 1.8 அலகுதான். மின்வெட்டைத்தான் கவனிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். வீட்டில் இருக்கும்போது மின்சாரம் போனால், மூடியைத் திறக்காமல் அரை மணித்தியாலம் பொறுத்துவிட்டு, அதற்குள் வராவிட்டால் எல்லாவற்றையும் சட்டிக்கு மாற்றி எரிவாயு அடுப்பில் கொதிக்கவையுங்கள். இலக்கத் திரையுள்ள குக்கர்கள் பலவும் மின்சாரம் திரும்பியபின் தாமாக இயங்குவதில்லை. திருகு ஆளி உள்ளவை இயங்கும், ஆனால் இடையில் எத்தனை மணித்தியாலம் நின்றுபோய் இருந்தது என்பது வெளியே போய்வந்தவருக்குத் தெரியவராது. அதற்காகவே, மின்சாரம் போய் வந்தால் நேரம் அழிந்து மினுங்கும் மலிவான மேசைக் கடிகாரம் ஒன்றைப் பக்கத்துச் செருகியில் வைத்திருக்கிறேன். வீடு திரும்பும்போது அது மினுங்கிக்கொண்டிருந்தால், எவ்வளவு நேரம் தடைப்பட்டது என்று அயலவரிடம் விசாரித்தும் உறுதியாகத் தெரியாதவிடத்து, சூப் எவ்வளவு மணந்தாலும் கொட்டிவிடுவதே சரி. நம் வெப்பத்தில் இறைச்சிச் சாறு விரைவிலேயே கெட்டுவிடும்.

நேரம் ஆனதும் ஒரு துண்டை எடுத்துக் கரண்டி விளிம்பால் நரம்பின் மேல் அழுத்துங்கள். கண்ணாடி போல் தெளிந்து, அழுத்திய இடத்தில் வழுகிப் பிரிந்தால் வெந்துவிட்டது. இறைச்சியைத் தனியே எடுத்து, எலும்பிலிருக்கும் மூளையைத் தட்டிச் சாற்றுக்குள் விட்டு, சாற்றை வடித்து, மேலே நிற்கும் எண்ணெயிற் பாதியை அகற்றுங்கள். இப்போதுதான் உப்புப் பார்க்க வேண்டும். நூடில்ஸ் உப்பை உறிஞ்சுவதால், தனியே குடிப்பதற்குச் சற்றுக் கூடுதலாகத் தோன்றும் உப்பே கோப்பைக்குச் சரியாக இருக்கும். சாறு நீர்த்ததாகத் தோன்றினால் சட்டியில் ஊற்றித் திறந்தபடி பத்து நிமிடம் கொதிக்கவையுங்கள். குக்கரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வற்றுமென்று காத்திருப்பதில் பயனில்லை. கடைசியாக வினாகிரி. அதைத் தொடக்கத்திலேயே விட்டால் கூர்மை மழுங்கிவிடுகிறது.

நூடில்ஸை ஒருபோதும் குக்கருக்குள் போடாதீர்கள். கால் மணித்தியாலத்தில் அது கூழாகி, எட்டு மணித்தியாலத்தில் தெளிந்த சாற்றையும் கலக்கிவிடும். ஒருவருக்கு 80 கிராம் கோதுமை நூடில்ஸை, நிறைய நீரில், பொதியில் குறிப்பிட்டதைவிட ஒரு நிமிடம் குறைவாக அவித்து, வடித்து, உடனே கோப்பையில் இட்டுச் சூடான சாற்றை ஊற்றுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காராத வீடாயின், ஒவ்வொருவரும் வரும்போது புதிதாக அவிப்பதே நல்லது. இடியப்பத்துக்கு ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கோப்பையில் ஊறவிட்டால் சிதைந்துவிடும், சொதி விடுவது போலத் தட்டில் மேலாக விட்டு உடனே உண்பதாயின் மிக நன்றாக இருக்கும்.

தைவானில் மேலே தூவும் ஊறிய கடுகுக்கீரைக்குப் பதிலாக, கோவாவை மெல்லியதாக அரிந்து, உப்பிட்டுப் பிசைந்து, பிழிந்து, தேசிக்காய்ச் சாறும் பச்சைமிளகாயும் சேர்த்து ஒரு மணித்தியாலம் வைத்தால் போதும்; கொழுத்த சாற்றுக்கு ஒரு புளிப்பு அவசியம் வேண்டும். கங்குன் கீரையைக் கொதிநீரில் அரை நிமிடம் காட்டி எடுத்து ஒரு பக்கத்தில் வைத்து, வெங்காயத்தாளும் கொத்தமல்லி இலையும் தூவிப் பரிமாறலாம்.

மீந்த சாற்றைப் பீங்கானோடு அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் பிடிக்கும். அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, தண்ணீர் நிறைந்த வாளிக்குள் நிறுத்தி ஆறவைத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். மறுநாள் சாறு ஜெலி போல் இறுகி அசைந்தால் நரம்பு நன்றாகக் கரைந்திருக்கிறது. அதை ஸ்லோ குக்கரில் மீளச் சூடாக்காமல் அடுப்பில் நன்கு கொதிக்க வைத்தே உண்ண வேண்டும். மூன்று நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. மேலே செம்மஞ்சளாக உறைந்திருக்கும் கொழுப்பைக் கரண்டியால் ஒரே தகடாக எடுத்து ஒரு சிறு போத்தலில் போட்டு வைத்தால், உள்ளியைத் தட்டி அதில் வதக்கி, அடுத்த கோப்பை நூடில்ஸின் மேல் விட்டுக்கொள்ளலாம்.